துப்பாக்கி இல்லாத வீட்டில் வேட்டைநாய்க் குட்டி

கற்பிட்டிப் பக்கத்து வாசக அன்பர் ஒருவர் நமக்கு ஒரு கடிதம் விடுத்திருக்கிறார். கொழும்பிலுள்ள உறவினர் ஒருவர், இரண்டு மாத வயதுடைய பொயின்டர் இன நாய்க்குட்டி ஒன்றை அன்பருடைய பிள்ளைகளுக்கு அன்பளிப்பாகக் கொடுத்துவிட்டாராம். வெள்ளை உடலில் ஈரல் நிறத் திட்டுகள்; தொங்கும் காதுகள்; உடலுக்குப் பொருந்தாத பெரிய பாதங்கள். வந்த மூன்றாம் நாளே அது முற்றத்திற் பறந்த வண்ணத்துப்பூச்சி ஒன்றைக் கண்டு, முன்கால் ஒன்றை மடித்துத் தூக்கி, வாலை நீட்டிச் சிலைபோல் நின்றுவிட்டதாம். பிள்ளைகள் கைகொட்டிச் சிரித்தனர். அன்பருக்கோ கவலை பிடித்துக்கொண்டது. "எங்கள் வீட்டில் துப்பாக்கியும் இல்லை, வேட்டையும் இல்லை. இந்த நாய்க்கு இங்கே என்ன வேலை? வேலையில்லாத வேட்டைநாய் கெட்டுப்போகும் என்கிறார்கள். திருப்பிக் கொடுத்துவிடுவதா?" என்று வினவுகிறார்.

கேள்வி சிறிதாயினும் அதன்கண் ஓர் உயிரின் வாழ்வு அடங்கியிருக்கிறது. வேற்றுநாட்டு இனக் குட்டியைப் பஞ்சுப் பொம்மைபோல் ஆசையாக வாங்கி, அது வளர்ந்து ஆளைத் தள்ளும் பருவம் வந்ததும் ஒழுங்கையிற் கைவிடுகின்ற வீடுகளை நாம் அறிவோம். பொயின்டர் அத்தகைய கதிக்கு எளிதில் ஆளாகும் இனம். வளர்ந்தபின் அதன் உயரம் ஏறத்தாழ இரண்டடி. எடை இருபது முதல் முப்பது கிலோகிராம் வரை. நாள் முழுவதும் ஓடுவதற்கென்றே பிறந்த கால்கள் அதனுடையவை. குறுகிய சங்கிலியிற் கட்டிப்போட்டால் ஊளையிடும், மண்ணைத் தோண்டும், கிடுகு வேலியைப் பிய்த்தெறியும். ஆகவே, காலையிலும் மாலையிலும் அதற்கென ஒரு மணி நேரம் ஒதுக்க வீட்டில் ஒருவருமில்லையெனில் திருப்பிக் கொடுத்தலே நேர்மை. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஒருவர் உளரெனில், துப்பாக்கி இல்லையென்பது ஒரு குறையேயன்று.

ஏன் குறையன்று என்றால், இவ்வகை நாய்களின் முன்னோர் துப்பாக்கிக்காக நின்றவை அல்ல, வலைக்காக நின்றவை. 1570 ஆம் ஆண்டில் ஜோன் கேயஸ் என்னும் ஆங்கில மருத்துவர் இலத்தீன் மொழியில் நாய்களைப் பற்றி ஒரு சிறு நூல் எழுதினார். பறவையின் மணம் பிடித்ததும் ஓசையின்றி நின்று, வயிறு நிலத்திற்படப் பதுங்கி, இருக்குமிடத்தைக் காட்டிக்கொடுக்கும் நாயொன்றைப் பற்றி அதிற் கூறுகிறார். வேடன் வலையை விரித்துப் பறவைகளின்மேல் இழுத்து மூடிவிடுவான். நாய் ஓரடி முன்னே பாய்ந்திருந்தால் வலை வெறும் வலையாகவே திரும்பியிருக்கும். பறக்கும் பறவையைச் சுடும் வழக்கம் பரவியது பின்னரேயாம். பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ஸ்பானியப் போரிலிருந்து திரும்பிய படைவீரர் அந்நாட்டு நாய்களை இங்கிலாந்துக்குக் கொண்டுவந்தனர் என்றும், இன்றைய பொயின்டர் அவற்றின் வழிவந்தது என்றும் கூறுவர். 1865 இல் இங்கிலாந்தின் சவுத்ஹில் என்னுமிடத்தில் முதலாவது வயல்வெளிப் போட்டி நடந்தபோது, துப்பாக்கியும் நாயும் இணைபிரியாதனவாகிவிட்டன. ஆயினும் நாய் கற்ற முதற்பாடம் நிற்றலேயன்றிச் சுடுதல் அன்று. உடப்புக் கரையிற் கரைவலை வளைப்போருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வலை முழுவதும் வளைந்து முடியுமுன் நீரைக் கலக்குபவனால் விளையும் கேட்டை அவர்கள் நன்கறிவர்.

நிற்றல் என்பது என்ன? ஓநாயும் நரியும் பூனையுங்கூட இரையின்மேற் பாயுமுன் ஒரு கணம் உறைந்து நிற்பதை நாம் கண்டிருக்கிறோம். அந்த ஒரு கணத்தையே மனிதர் பல தலைமுறையாகத் தேர்ந்து தேர்ந்து நீட்டி, நிமிடக் கணக்காக்கினர். ஆகவே குட்டிக்கு நிற்கக் கற்பிப்பவர் நாமல்லர். அது பிறக்கும்போதே அதைக் கொண்டு பிறக்கிறது. நாம் கற்பிக்க வேண்டியது ஒன்றே: நின்றபின் பாயாதிருத்தல்.

அன்பரின் ஊர் இதற்கு ஏற்றதா என்றால், இலங்கையில் இதனினும் ஏற்ற இடம் அரிது. இவ்வின நாய்களுக்கு உரிய பறவை கவுதாரிக் குடும்பத்தது. நம் நாட்டிற் சாம்பல் கவுதாரி எங்கணும் காணப்படுவதன்று. வறண்ட வடமேற்குக் கரையோரப் பற்றைக்காடுகளே அதன் இருப்பிடம். கற்பிட்டித் தீபகற்பத்தின் முட்செடிகளிடையே விடியற்காலையில் அது விட்டுவிட்டுக் கூவுவதை ஊரார் அனைவரும் கேட்டிருப்பர். ஆபத்து வந்தால் உடனே பறந்துவிடாமை அதன் இயல்பு. குறிகாட்டும் நாய்க்கு வேண்டுவதும் அதுவே. மாரிக்காலத்திலோ சைபீரியப் பகுதிகளிலிருந்து ஊசிவால் உள்ளான் வந்து வயலோரச் சேற்றில் இறங்கும். வெள்ளையர் ஆட்சியில் உள்ளான் வேட்டை துரைமாரின் பெரும் பொழுதுபோக்கு. அதன்பொருட்டுப் பொயின்டர் நாய்களைக் கப்பலேற்றி வருவித்தோரும் உண்டு.

அக்காலம் போயிற்று. 1937 ஆம் ஆண்டின் வன விலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டமும், 1993 இலும் 2009 இலும் செய்யப்பட்ட திருத்தங்களும் நாட்டின் பறவைகளுட் பெரும்பாலானவற்றுக்குக் காவலாக நிற்கின்றன. சிலாபத்துக்கு வடக்கேயுள்ள ஆனைவிழுந்தான் குளத்தொகுதி 1997 இற் சரணாலயமாகி, 2001 இல் உலகு போற்றும் ஈரநிலங்களின் வரிசையிலும் சேர்ந்துகொண்டது. நாயோடு உலாவ அஃது இடமன்று, குளங்களில் முதலையுமுண்டு. ஊர்ப் பொது வெளிகளும், உரியவர் இசைவு தந்த தென்னந்தோட்டங்களும் போதும்.

இனி, சுடாமலே இந்நாய்களைப் பயன்கொண்டோர் உளரா? உளர். ஸ்கொத்லாந்தின் மேட்டு நிலங்களில் ஆண்டுதோறும் காட்டுக்கோழிகளைக் கணக்கெடுக்கக் குறிகாட்டும் நாய்களையே நடத்திச் செல்கின்றனர். நாய் நிற்கும், ஆள் சென்று எழுப்புவார், பறந்தவற்றை எண்ணிக் குறிப்பார். நியூசிலாந்தில் 1894 இல் ரெசலூஷன் தீவின் காவலராக அமர்ந்த றிச்சட் ஹென்றி என்பவர், வாய்க்கூடு மாட்டிய நாயைக் கொண்டு, பறக்க மாட்டாத ககாப்போக் கிளிகளையும் கிவிப் பறவைகளையும் நூற்றுக்கணக்கில் தேடிப் பிடித்துத் தீவிற் குடியேற்றினார். அவர் நாய் பொயின்டர் அன்று. ஆனாலும் கொல்லாமலே கண்டுபிடிக்க நாயின் மூக்கு உதவும் என்பதற்கு அது பழைய சான்று. கற்பிட்டிப் பையன்கள் இருவர் ஒரு கொப்பியும் பென்சிலும் நாயும் கொண்டு, தங்கள் ஊர்க் கவுதாரிகளை மாதந்தோறும் எண்ணி எழுதினால் அஃது அற்பமான காரியமா?

வளர்ப்பு முறைக்கு வருவோம். இல்லத்தரசிகளே பெரும்பாலும் உணவிடுபவராதலின், முதலில் உணவைப் பற்றிக் கூறுவோம். நான்கு மாதம் வரை நாளுக்கு நான்கு வேளை சிறிது சிறிதாகவும், ஆறு மாதம் வரை மூன்று வேளையும், அதன்பின் இரண்டு வேளையும் கொடுத்தல் நன்று. சோற்றோடு முள் நீக்கி அவித்த மீன், முட்டை, சிறிது பூசணி அல்லது கரட் போதுமானவை. உப்பும் மிளகாயும் வேண்டா. மீனைப் பச்சையாகக் கொடுத்துப் பழக்காதீர்கள். சில மீன்களின் பச்சைத் தசை, நாயின் உடலுக்கு வேண்டிய உயிர்ச்சத்து ஒன்றை அழித்துவிடும். அவித்தால் அக்குற்றம் நீங்கும். குழம்பில் மிஞ்சியதைக் கொட்டுவது நம்மவர் வழக்கம். ஆனால் வெங்காயம் நாயின் குருதியைக் கெடுக்கும் நஞ்சு. கற்பிட்டியில் வெங்காயப் பாத்தி இல்லாத வளவு குறைவு. குட்டி கிழங்கைத் தோண்டி மெல்லாதபடி வேலி இருக்கட்டும்.

கடற்கரை குட்டிக்கு விளையாட்டிடம், ஆபத்திடமும் அதுவே. வலையிலிருந்து மீனவர் கழித்தெறியும் பேத்தை மீன் மணலிற் கிடக்கும். அதன் நஞ்சு வெயிலிற் காய்ந்தாலும் சமைத்தாலும் போகாது. ஒரு வாய் தின்ற நாய் சில மணி நேரத்துள் மூச்சடங்கி இறக்கக்கூடும். கெளிற்று மீனின் முள் பாதத்திற் பாய்ந்தால் வீங்கி நாட்கணக்கில் நொண்டும். குட்டி கடல்நீரைக் குடித்தால் வாந்தியும் பேதியும் காணும். ஆதலால் கரைக்குப் போகும்போது ஒரு போத்தல் நன்னீர் கொண்டு செல்க. காலை ஆறரைக்கு முன்னும் மாலை ஐந்துக்குப் பின்னுமே நடை. உச்சி வேளை மணல் நம் உள்ளங்காலைச் சுடுமாயின் அதன் பாதத்தையும் சுடும். நாய்க்கு நம்மைப்போல் உடலெங்கும் வியர்வை வாராது; இரைத்தே அது தன் சூட்டைத் தணிக்கும். அதன் உடல் வெப்பம் இயல்பில் 38 முதல் 39 பாகை வரை. 41 ஐத் தாண்டினால் உயிருக்கு மோசம். நாக்கு செந்நீலமாகித் தள்ளாடினால் நிழலிற் கிடத்தி, சாதாரண நீரை உடலெங்கும் ஊற்றிக் காற்றுப்பட விசிறி, உடனே மிருக வைத்தியரிடம் கொண்டுசெல்ல வேண்டும்.

தடுப்பூசியிற் கஞ்சத்தனம் கூடாது. குட்டி ஆறு முதல் எட்டு வாரமாகியது தொட்டு, பதினாறு வாரம் நிறையும் வரை மூன்று நான்கு வார இடைவெளியில் ஊசிகள் தொடரும். அட்டையை வைத்தியரிடமே வாங்கி வைத்துக்கொள்க. விசர்நோய்த் தடுப்பூசி எக்காரணத்தாலும் தவறலாகாது. 1973 ஆம் ஆண்டில் மட்டும் இந்நாட்டில் 377 பேர் அந்நோயால் மாண்டனர். அண்மை ஆண்டுகளில் அத்தொகை இருபது முப்பதளவிற்கு இறங்கியிருக்கிறதென்றால், அதற்குப் பெருங்காரணம் நாய்களுக்கு இடப்பட்ட ஊசிகளே. வறண்ட பற்றைக்காட்டிற் புடையனும் சுருட்டை விரியனும் உண்டு. மூக்கை முன்னே நீட்டிச் செல்லும் நாய்க்கு முதற்கடி மூக்கிலேயே விழும். இருளிற் பற்றைக்குள் விடாதிருப்பதே நம் கையிலுள்ள காப்பு.

அயலாரை மறக்கலாகாது. இக்கரையில் முஸ்லிம், இந்து, கத்தோலிக்கர் என எல்லா மக்களும் கலந்து வாழ்கின்றனர். தொழுகைக்குச் செல்லும் அயலவரின் உடையில் நாயின் ஈரமூக்குப் பட்டால் அவருக்கு உண்டாகும் இடர்ப்பாட்டை நாம் உணர்தல் வேண்டும். ஆகையால், ஆள்மேல் தாவாமை என்னும் பாடம் இரண்டு மாதத்திலேயே தொடங்கட்டும். தாவும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டு அசையாது நிற்க. நான்கு காலும் தரையில் இருக்கும்போது மட்டுமே தடவிக் கொடுக்க. பிள்ளைகள், விருந்தினர், வேலைக்காரர் எல்லாரும் இதையே செய்யவேண்டும். ஒருவர் கொஞ்சினாற் போதும், பத்துப்பேரின் பாடம் பாழாகும். அடுத்த வீட்டு ஆடு, கோழி, தெருவில் திரியும் கழுதை ஆகியவற்றையெல்லாம் குட்டி மூன்று மாதத்துக்குள் கயிற்றிலிருந்தபடியே நாள்தோறும் கண்டு சலிக்கட்டும். குட்டிகள் உலகத்தோடு உறவு கொள்ளும் பருவம் மூன்றாம் வாரத்திலிருந்து ஏறக்குறையப் பன்னிரண்டாம் வாரம் வரையென ஸ்கொட், ஃபுல்லர் என்னும் அமெரிக்க அறிஞர் இருவர் 1965 இல் வெளியிட்ட நூலிற் காட்டினர். அன்பரின் குட்டிக்கு அந்தப் பருவத்திற் சில வாரங்களே மீந்திருக்கின்றன; ஆகவே தாமதம் வேண்டா.

பயிற்சிக்கு மூன்று சொற்கள் போதும்: 'வா', 'நில்', 'விடு'. வீட்டில் ஒருவர் 'இங்கே வா' என்றும், மற்றவர் 'ஓடி வாடா' என்றும், பக்கத்து வீட்டார் சிங்களத்திலும் அழைத்தால், மும்மொழி கற்கும் பொறுப்பை நாம் நாயின்மேற் சுமத்தியவராவோம். பிள்ளைகள் குட்டிக்கு நீலன் எனப் பெயரிட விரும்புகின்றனராம். அழகிய பெயர்தான், ஆனால் 'நில்' என்பதோடு மயங்கும். வேறு பெயர் தேடுக.

'நில்' என்பதை உணவுக் கோப்பையிலேயே கற்பிக்கலாம். கோப்பையைக் கீழே வைக்குமுன் குட்டியின் நெஞ்சிற் கையை மெல்ல வைத்து 'நில்' என்க. முதல் நாள் இரண்டு நொடி. அடுத்த வாரம் பத்து நொடி. மாதம் முடிவில் நாம் நாலடி விலகி நின்றாலும் அது நிற்கும். நின்றபின்பே உணவு. அடிக்கவோ அதட்டவோ இங்கே இடமேயில்லை. பொயின்டர் மென்மையான மனமுடையது. ஒரு முறை அநீதியாக அடிபட்ட குட்டி, பின்னர் பற்றையருகே நிற்க வேண்டிய வேளையில் நம்மைத் திரும்பிப் பார்த்துக் கூனிக் குறுகும். 1960களில் அமெரிக்காவின் ஆர்க்கன்சாவில் ஆய்வு செய்தோர், சில பொயின்டர் குடும்பங்களில் மனிதரைக் கண்டு அஞ்சும் குணம் பரம்பரையாகவே வருவதைக் கண்டனர். ஆதலால் குட்டி மிக அஞ்சினால் முதலில் அதன் தாயின் குணத்தை விசாரிக்க வேண்டும். எல்லாப் பழியையும் வீட்டார்மேற் சுமத்துதல் தகாது.

தடியின் நுனியில் நூல் கட்டி, நூலிற் கோழியிறகைத் தொங்கவிட்டுக் குட்டியின்முன் அசைத்தால் உடனே நின்று காட்டும். வந்தவர்க்கெல்லாம் இவ்வேடிக்கையைக் காட்டப் பிள்ளைகள் துடிப்பர். வாரத்துக்கு ஓரிரு முறைக்கு மேல் வேண்டா; கண்ணால் நிற்கப் பழகிய நாய் மூக்கை மறந்துவிடும். நான்கு மாதத்தின்மேல் முப்பதடி நைலோன் கயிறு ஒன்றைக் கழுத்துப் பட்டையிற் கட்டித் தரையில் இழுபட விட்டு வெளிக்குக் கொண்டு செல்க. அழைத்தால் வந்தது என்றால் ஒரு துண்டு அவித்த மீன். வாராவிட்டாற் கயிற்றை மிதித்து மெல்ல இழுத்தெடுத்து, வந்தபின் அப்போதும் மீன். பிந்தி வந்ததற்காகத் தண்டித்தால், வருதலையே தண்டித்ததாக அது கொள்ளும். ஓராண்டு நிறையுமுன் சைக்கிளின் பின்னே ஓடவிடுவது எலும்பு முதிராத மூட்டுகளுக்குத் தீங்கு. இதை இளைஞர் சிறப்பாகக் கவனிக்க.

தீபாவளி, சித்திரைப் புத்தாண்டு, தலவில் திருவிழா என நம் பக்கத்தில் வெடிக்குப் பஞ்சமில்லை. சத்தத்துக்குப் பழக்குகிறோம் என்று குட்டியை வெடி கொளுத்தும் இடத்துக்கே கொண்டுபோவது கொடுமை. அது உண்ணும் வேளையில் தொலைவில் ஒரு தகரத்தைத் தட்டுக. நாளடைவில் அணுகி வருக. முதல் ஆண்டின் திருவிழாக்களில் உள்ளறையிற் பழக்கமானவர் ஒருவர் துணையிருக்கக் கதவைச் சாத்திவைப்பதே தக்கது.

உப்பளங்களின் ஓரத்திலும் வெறும் மணலிலும் உப்புக்கொத்திகள் கூடு என்று ஒன்றுமின்றியே முட்டையிடும். அவற்றுள் ஒன்றை 2023 இல் ஆய்வாளர் தனியினமெனப் பிரித்து, இராமர் அணையை நினைந்து அனுமனின் பெயரைச் சூட்டினர். மணல் நிறத்துக் குஞ்சு அசையாது கிடப்பதே அதன் ஒரே காப்பு. கட்டவிழ்ந்து திரியும் நாய்கள் இவற்றுக்குப் பெரும் பகை. நம் குட்டி மணம் பிடித்து நின்றதும் 'நில்' என்று சொல்லி அருகே சென்று, பட்டையைப் பற்றி, வந்த வழியே திருப்பி அழைத்து வரவேண்டும். முட்டையைக் காணவேண்டும் என்ற ஆவலில் முன்னே போய்த் தேடாதீர்கள், மிதிபடும்.

ஆறு மாதத்தின்மேல் கவுதாரிப் பற்றையருகே பயிற்சி தொடங்கலாம். காற்று முகத்தில் அடிக்கும் திசையாக நடந்தால் மணம் நாயிடம் வரும். காற்றை முதுகில் வாங்கி நடந்தால் பறவை நம்மை அறியும், நாய் அறியாது. நாய் நின்றதும் அவசரப்படாது கயிற்றின் நுனியைக் கையிலெடுத்து, பக்கவாட்டில் அதன் கண்ணிற் படும்படி சென்று தோளருகே நிற்க. மெல்லத் தடவிக் கொடுக்க. துணைக்கு வந்தவர் பற்றையைத் தட்டட்டும். சிறகொலி படபடக்கக் கவுதாரிகள் எழும். நாயின் உடல் முழுவதும் நடுங்கும். கயிறு சற்றே இறுகும். எண்ணிக்கொள்க: மூன்றா, நான்கா? பறந்தவை தரையில் இறங்கி மறையும் வரை நாய் நின்றால் மீன் துண்டு. பாய்ந்தால் கயிறு தடுக்கும். சொல் ஒன்றும் வேண்டா. மறுநாள் மீண்டும் பார்க்கலாம். ஒரு காலைக்கு ஒரு பற்றை போதும். முட்டையிடும் பருவத்தில் அதுவும் வேண்டா. வீடு திரும்பியதும் குட்டியை நிழலிற் கிடத்தி, காதின் உட்புறம், கழுத்து மடிப்பு, விரலிடுக்கு ஆகியவற்றில் உண்ணி இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்து, கடித்த இடத்தோடு ஒட்டச் சிமிட்டியாற் பிடித்து நேராக இழுத்தெடுக்கவேண்டும். ஈறு வெளுத்து, உணவை மறுத்து, சிறுநீர் மஞ்சளானால் அது உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம். அன்றே மிருக வைத்தியரைக் காண்க.